வத்து நேரத்தில் கல்லுக்கிடங்குப் படங்கள் – அரிப்புக் கரை

வணக்கம். இப்ப நிக்கிறது மன்னார் அரிப்பிலை, அல்லிராணிக் கோட்டைக்குக் கீழை. கடலரிப்பிலை விழுந்த கட்டடக் கல்லுகள் இந்தா கிடக்குது. இந்த இடுக்குகளிலை வத்துக்கு, அதாவது கடல் இறங்கேக்கை, தேங்கிற தண்ணியைத்தான் படம் எடுக்கப்போறம். முல்லைத்தீவுப் பக்கம் பெரும்பாலும் மணல் கரை, அங்கை இதைத் தேடாதேங்கோ.

எங்கடை கடலிலை வத்துக்கும் பெருக்குக்கும் ஒரு மீற்றர் வித்தியாசமும் வராது. அதாலை கடல் கூட வத்துற அமாவாசை, பறுவம் (பௌர்ணமி), அதை ஒட்டின ரெண்டு நாள்தான் சரி. முழு வத்துக்கு ஒரு மணித்தியாலம் முந்தியே வந்திடுங்கோ. வத்து காலமை விழுற நாளாப் பாருங்கோ. வெயில் ஏறினால் கடல்காத்து எழும்பித் தண்ணி நெளியும். சோளகம், அதுதான் தென்மேற்குக் காத்து, அடிக்கிற காலத்திலை தண்ணி கலக்கல், வீண் அலைச்சல்.

இந்தக் கிடங்கைப் பாருங்கோ. வானம் மட்டும்தான் தெரியுது, என்ன? இப்ப லென்ஸுக்கு முன்னாலை பூட்டின சிபிஎல் பில்டரை, தண்ணியின்ரை பளபளப்பை வெட்டுற கண்ணாடியை, மெல்லத் திருப்புறன்... ஆ, அடி தெரியுது! நேர் மேலை நிண்டால் பில்டர் உதவாது. தண்ணி மட்டத்திலையிருந்து 35, 40 பாகை சரிவிலை கமராவைப் பிடிக்கவேணும். பில்டராலை ஒண்டு, ஒண்டரை ஸ்டொப் வெளிச்சம் குறையும், ஒரு ஸ்டொப் எண்டால் பாதி. ஐஎஸ்ஓவை, அதுதான் கமராவின்ரை ஒளியுணர்வை, 400க்கு ஏத்துங்கோ. லென்ஸ் துவாரம் எஃப் 8, ஷட்டர் வேகம் செக்கனிலை 250இலை ஒரு பங்கு. மேலையிருந்துதான் எடுக்கவேணுமெண்டால் கறுப்புக் குடை பிடியுங்கோ. வெளிறின குடையெண்டால் அதின்ரை நிறமே தண்ணியிலை விழும்.

ஓட்டோ போகஸ் தண்ணி மேற்பரப்பிலை போய் நிண்டிடும். கையாலை திருப்புங்கோ. போனெண்டால் திரையிலை தெரியிற நண்டிலை விரலை அழுத்திப் பிடிச்சுப் பூட்டுங்கோ.

இந்தா, துறவி நண்டு. நிழல் பட்ட உடனை சங்குக்குள்ளை போட்டுது. காலமை வெயில் கரைப்பக்கத்தாலை வரும், நிழல் கடல்பக்கம் விழும். அதாலை கிடங்குக்குப் பக்கவாட்டிலை குந்தோணும். அசையாதேங்கோ... ரெண்டு நிமிசம்... கண் ரெண்டும் உணர்கொம்பும் வெளியிலை வருது. இப்ப அமத்துங்கோ!

கூம்பு மாதிரி வடிவான சங்கு கண்டால் கையாலை எடுக்கவே வேண்டாம். உயிரோடை இருந்தால் நஞ்சு ஊசி குத்தும், சில இனம் ஆளையே கொல்லும். கல்லைப் புரட்டினால் அதே பக்கமா திருப்பி வையுங்கோ, அடியிலை ஒட்டியிருக்கிறது வெயிலிலை காஞ்சு செத்திடும்.

லென்ஸிலை உப்புத்தண்ணி தெறிச்சால் காயவிட்டுத் துடைக்காதேங்கோ, உப்புக்கல் கீறும். நல்ல தண்ணியிலை நனைச்ச துணியாலை ஒத்தி எடுங்கோ. ட்ரைபொட் கால் பூட்டுகளை வீட்டை போன உடனை கழட்டி நல்ல தண்ணியிலை அலசுங்கோ. ஒரு கிழமை விட்டால் இறுகிப்போம்.