மூன்று மாணவியரும் என் செக்கிங் ரிஜிஸ்டரும்

நேயர்களுக்கு வணக்கம். கோவையில் சின்னதாக ஒரு கடைசல் பட்டறை வைத்திருப்பவன் நான். பம்புகளுக்கு உதிரி பாகம் கடைந்து கொடுப்பது தொழில். உண்மைக் கதையை வைத்து எடுத்த படங்கள் தரும் ஊக்கத்தைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரே ஒரு படத்தை வைத்துப் பேசுகிறேன்.

2018 பிப்ரவரியில் ‘பேட்மேன்’ வந்தது. அக்ஷய் குமார் நடித்த இந்திப் படம். கதைக்கு மூலம் எங்கள் ஊர் அருணாசலம் முருகானந்தம். பாப்பநாயக்கன்புதூர்க்காரர். குறைந்த விலையில் சானிட்டரி நாப்கின் செய்ய இயந்திரம் கண்டுபிடித்தவர். பக்கத்து ஏரியாக்காரர் கதையை நான் கோவைத் தியேட்டரில் உட்கார்ந்து இந்தியில் பார்த்தேன். படத்தில் ஊர் மத்தியப் பிரதேசத்து மகேஷ்வர், ஓடுவது நர்மதை.

சினிமாக்காரர்களுக்கு ஊரை மாற்றுவது கைவந்த கலை. குறைந்த கட்டண விமான நிறுவனம் தொடங்கிய கர்நாடகத்து கேப்டன் கோபிநாத்தின் கதையை ‘சூரரைப் போற்று’ படம் சோழவந்தானுக்குக் கூட்டிவந்தது, நாமும் கைதட்டினோம். அதனால் எனக்கு அதில் வருத்தம் இல்லை. ‘பேட்மேன்’ படத்தில் தபலா வாசிக்கும் ஒரு பெண் வந்து நாயகனுக்கு உதவுவார், காதலும் எட்டிப் பார்க்கும். அது கற்பனை. சரி, டிக்கெட் விற்க வேண்டுமே.

படம் முடிந்து வெளியே வந்தபோது மனசு நிறைந்திருந்தது. மறுநாள் பட்டறையைத் திறந்ததும் அது எங்கே போனதென்று தெரியவில்லை. அதற்கப்புறம்தான் முருகானந்தத்தின் பேட்டிகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

அப்பா நெசவாளர், விபத்தில் இறந்துவிட்டார். மகன் 14 வயதில் படிப்பை விட்டு வெல்டிங் பட்டறைக்குப் போனார். 1998இல் சாந்தியுடன் திருமணம். மாதவிடாய்க்கு மனைவி பழைய துணியைத்தான் பயன்படுத்துகிறார் என்று தெரிந்ததும், பஞ்சை வைத்துத் தானே ஒரு நாப்கின் செய்து கொடுத்து, எப்படி இருக்கிறது என்று உடனே கேட்டிருக்கிறார். அதற்கு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும் என்பதே மனிதருக்கு அப்போதுதான் தெரிகிறது! ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு மாதம் என்றால் இந்த ஜென்மத்தில் முடியாது. சகோதரிகளும் மறுத்துவிட்டார்கள். அதனால் மருத்துவக் கல்லூரி மாணவியரைத் தேடிப் போனார். 20 பேர் ஒப்புக்கொண்டார்கள். நாப்கினோடு கருத்துத் தாளும் கொடுத்தார்.

தாள்களை வாங்கப் போன அன்று, மூன்று மாணவியர் உட்கார்ந்து எல்லோருடைய தாளையும் மும்முரமாக நிரப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார்.

நான் அசந்து நின்ற இடம் இதுதான். அந்தத் தாள்களில் ‘நன்று’ என்றே எழுதியிருக்கலாம். வாங்கிக்கொண்டு வந்து, மருத்துவ மாணவியரே பாராட்டினார்கள் என்று விற்க ஆரம்பித்திருந்தால் கேட்பதற்கு ஆளில்லை. அவர் அதை நம்ப மறுத்தார். தானே போட்டுப் பார்ப்பது என்று முடிவெடுத்தார். கால்பந்து பிளாடரில் ஓட்டை போட்டு, கசாப்புக்கடை நண்பரிடம் ஆட்டு ரத்தம் வாங்கி நிரப்பி, இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தார், சைக்கிள் ஓட்டினார். கறை பட்ட துணியைப் பொதுக் கிணற்றில் துவைத்தபோது, ஏதோ பால்வினை நோய் என்று ஊர் பேசியது. மனைவி பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார், திரும்பி வர வருஷக்கணக்கானது.

நாப்கின் சரியாக உறிஞ்சவில்லை. பெரிய கம்பெனிகள் உள்ளே வைப்பது வெறும் பஞ்சு இல்லை, மரத்திலிருந்து எடுக்கும் செல்லுலோஸ் என்று கண்டுபிடிக்கவே 2 வருடம் 3 மாதம். நான் இதை என் லேத்துக்குப் பக்கத்தில் நின்று யோசித்துப் பார்க்கிறேன். 27 மாதம், அதற்கிடையில் மனைவியும் வீட்டைவிட்டுப் போய்விட்டார். அப்புறம் அதை உடைத்து நாராக்கும் இயந்திரம் செய்ய இன்னும் நாலரை வருடம். முடிவில் அவர் செய்தது தொழில்காரன் பார்த்தால் சிரித்துவிடும் அளவுக்கு எளிமை: மிக்ஸி மாதிரி ஒன்று செல்லுலோஸ் அட்டையை உடைத்துப் பஞ்சாக்கும், இன்னொன்று வில்லையாக அழுத்தும், மேலே துணி சுற்றி, புற ஊதா விளக்கில் கிருமி நீக்க வேண்டும். அப்போது விலை சுமார் 65,000 ரூபாய். அதை மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குக் கொடுத்தார். 2016இல் பத்மஸ்ரீ வந்தது.

பத்மஸ்ரீயை நான் பெரிதாக நினைத்துக்கொள்வதில்லை. அந்தக் கருத்துத் தாள்தான் தூக்கத்தில்கூட வந்தது. காரணம் உண்டு.

என் பட்டறையில் ஒரு செக்கிங் ரிஜிஸ்டர் இருக்கிறது. பத்துப் பீஸுக்கு ஒன்றை வெர்னியர் என்ற நுண்ணளவுக் கருவியில் அளந்து, அளவை எழுதி, பக்கத்தில் டிக் போட வேண்டும். ஒருமுறை முழு லாட்டும் ரிஜெக்டாகித் திரும்பி வந்தது. ரிஜிஸ்டரைத் திறந்தால் ஒரு குறையும் இல்லை. நான்கு நாள் பக்கங்கள், ஒரே பேனா, ஒரே சாய்வில் டிக், அளவெல்லாம் ஒரே எண். பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். “அளந்துட்டுத்தானுங்ணா போட்டேன்” என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மேற்பார்வையாளர் கையெழுத்து இருந்தது. அது என்னுடையது. டீ குடித்துக்கொண்டே நான்கு பக்கத்திலும் போட்டது.

அதற்கப்புறம் சனிக்கிழமை மாலைகளில், அந்த வாரத்து டிரேயிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு பத்துப் பீஸ் எடுத்து நானே அளக்கிறேன். பையன் பக்கத்தில் நின்று எழுதுவான். முதல் வாரம் பத்தில் மூன்று தேறவில்லை. இரண்டு அவன் கடைந்தது, ஒன்று நான் கடைந்தது. அவன் சிரிக்காமல் எழுதிக்கொண்டான்.

நன்றி, வணக்கம்.