ஆண்மைக்கு ஊசியா? அது கருத்தடை ஊசி பாஸ்!

வணக்கம் மக்களே! ஜிம்மில் சீக்கிரம் உடம்பு ஏறணும்னு சிலர் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி போடுகிறார்கள் இல்லையா? அதே ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாக உலக சுகாதார நிறுவனம் சோதித்துப் பார்த்திருக்கிறது. 1990-இல் வெளிவந்த ஆய்வு. 7 நாடுகள், 271 ஆண்கள், வாரம் 200 மில்லிகிராம். 157 பேருக்கு விந்தணு எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. அடுத்த ஓராண்டு வேறு தடுப்பே இல்லாமல் ஊசியை மட்டும் தொடர்ந்தார்கள். உண்டான கர்ப்பம், ஒன்றே ஒன்று! ஜிம்மில் "சைக்கிள்" என்ற பேரில் வாரக்கணக்கில் தொடர்ந்து ஏற்றுவதோ வாரம் 500, 600 மில்லிகிராம்.

[திரையில்: எண்ணெய் மாதிரி மஞ்சள் மருந்துள்ள சின்னக் கண்ணாடிக் குப்பி]

இந்த 1 மில்லி குப்பியில் இருப்பது 250 மில்லிகிராம். நம் உடம்பு ஒரு நாளைக்குச் சுரப்பது சுமார் 5 முதல் 7 தான். அதாவது, ஒரு மாதத்துக்கும் மேலான சுரப்பு ஒரே குத்தில்!

சரி, ஹார்மோனை ஏற்றினால் விந்தணு ஏன் குறைகிறது? உங்கள் வீட்டு மாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி நிரம்பினால் ஆட்டோ சுவிட்ச் மோட்டாரை நிறுத்திவிடும். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிதான் அந்த சுவிட்ச், விரைதான் மோட்டார். நீங்கள் லாரித் தண்ணீரை வாங்கி வாங்கி ஊற்றுகிறீர்கள். தொட்டி வழிகிறது, மோட்டார் மாதக்கணக்கில் ஓடவே இல்லை. விந்தணு உருவாக விரைக்குள் இருக்கவேண்டிய ஹார்மோன் அளவு, ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். அது விரையிலேயே சுரந்தால்தான் உண்டு. ஊசியால் அங்கே போய் நிரப்ப முடியாது. கைத்தசை ஊதும், விரை சுருங்கும். எனக்கு இதைப் படித்தபோது தூக்கிவாரிப் போட்டது.

மற்றதைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். ரத்தம் கெட்டியாகும், நல்ல கொழுப்பு இறங்கும், இதயத் தசை தடிக்கும். மிஞ்சிய ஹார்மோன் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனாக மாறி மார்பு வளரும். தசை வளர மாத்திரையாக விழுங்கும் ஸ்டீராய்டு கல்லீரலையும் கெடுக்கும்.

உண்மையிலேயே ஹார்மோன் குறைபாடு உள்ளவர்களுக்கு இது நல்ல மருந்து. டாக்டர் ரத்தம் பார்த்துத்தான் அளவு வைப்பார். ஹீமாட்டோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 54 சதவீதத்தைத் தாண்டினால் நிறுத்துவார். ஜிம் அண்ணன் எதைப் பார்த்து நிறுத்துவார், சொல்லுங்கள்?

ஏற்கெனவே போட்டுக்கொண்டிருக்கும் தம்பிகளே, உங்களைத் திட்ட வரவில்லை. ஊசியை விட்டதும் சோர்வு, மனச்சோர்வு, ஆசையே இல்லாத நிலை வரும். மோட்டார் திரும்ப ஓட மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும். அதற்குப் பயந்து மறுபடி ஊசிக்குப் போகாதீர்கள், பி.சி.டி. (சைக்கிள் முடிந்த பின் எடுக்கும் சிகிச்சை) என்று யாரோ தரும் மாத்திரையையும் வாங்காதீர்கள். ஹார்மோன் டாக்டரிடம் எதை, எவ்வளவு, எத்தனை வாரம் போட்டீர்கள் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். விரையை இயக்கும் பிட்யூட்டரி ஹார்மோன்களான எல்.எச்., எஃப்.எஸ்.எச்., பிறகு ஹீமாட்டோக்ரிட், விந்துப் பரிசோதனை, நாலையும் கேட்டு எடுத்துவிடுங்கள். காலி குப்பி கையில் இருந்தால் அதையும் கொண்டுபோங்கள்.