மிஷின் அறுத்துவிட்டுப் போய்விட்டது, வைக்கோலும் உளுந்தும் என்ன ஆச்சு?

வணக்கம் மக்களே. சத்தம் கொஞ்சம் அதிகமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஓடுவது செயின் வண்டி, அதாவது நெல் அறுக்கும் மிஷின். நான் நிற்பது மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு வாய்க்கால் கரை. தை மாதம், சம்பா அறுப்பு மும்முரமாக நடக்கிற நேரம். மணி பதினொன்று ஆகிறது, இப்போதுதான் வண்டியை வயலில் இறக்கியிருக்கிறார்கள். ஏன் இவ்வளவு லேட் என்றால் பனி. தாளில் ஈரம் இருக்கும்போது இறக்கினால் வைக்கோல் உள்ளே சுற்றிக்கொள்ளும், நெல்லும் நனைந்தபடியே டேங்கில் விழும். அதனால் வெயில் ஏறும்வரை டிரைவரும் வயல்காரரும் டீக்கடையில்தான் இருந்தார்கள்.

விவசாயி பழசை விடமாட்டார், புதுசைத் தொடமாட்டார் என்று மேடைக்கு மேடை பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே எரிச்சல் வரும். இந்தக் காவிரி டெல்டாவில் ஒரு வயல் முழுவதையும் அரிவாளால் அறுப்பதை இன்றைக்குத் தேடித்தான் பார்க்க வேண்டும். எல்லாம் ஒரு தலைமுறைக்குள் நடந்தது.

இது முதல் மாற்றமும் இல்லை. ஆடுதுறையில் 1922இல் ஆரம்பித்த நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது இல்லையா, அங்கிருந்து 1960களின் நடுவில் ஆடுதுறை 27 என்று ஒரு ரகம் வந்தது. ஜப்பானின் நோரின் 10 ரகத்தையும் நம் ஊர் ஜி.இ.பி. 24ஐயும் சேர்த்து எடுத்தது. குறைந்த நாளில் விளைகிற ரகம் என்பதால் குறுவை என்கிற முதல் போகத்தை முடித்து அதே வயலில் இரண்டாம் போகமாகத் தாளடி போட வசதியாக இருந்தது. தஞ்சாவூர்க்காரர்கள் விழுந்து விழுந்து வாங்கிப் போட்டார்கள். லாபம் கண்ணுக்குத் தெரிந்தால், கையைக் கடிக்காது என்றும் தெரிந்தால், ஒரே பருவத்தில் மாறிவிடுவார்கள். மாறவில்லை என்றால் அதற்கு ஏதோ கணக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

இந்த மிஷினும் அப்படித்தான். அஞ்சு ஏக்கர்காரர் இதைச் சொந்தமாக வாங்குவதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. வாங்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆத்தூர், கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள், மணிக்கு இவ்வளவு என்று வாடகை. ஈரமான வயல் என்றால் சக்கரத்துக்குப் பதில் செயின் பட்டையில் ஓடும் செயின் வண்டி, காய்ந்த வயல் என்றால் டயர் வண்டி. செயினுக்கு வாடகை கூடுதல். பயிர் நிமிர்ந்து நின்றால் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு ஏக்கர் முடிந்துவிடும். முன்பு அதே ஒரு ஏக்கரை அறுத்து, அரி அரியாக, அதாவது கைப்பிடி கைப்பிடியாகப் போட்டுக் காயவிட்டு, கட்டி, தலையில் சுமந்து களத்தில் சேர்த்து, அடித்து, தூற்றி, மூட்டை பிடிப்பதற்கு ஒரு கும்பலே இரண்டு மூன்று நாள் நிற்க வேண்டும். நடுவில் மழை பிடித்தால் போச்சு.

சரி, மிஷின் வந்துவிட்டது, பிரச்சினை தீர்ந்தது, வீடியோவும் முடிந்தது என்று நினைக்காதீர்கள். விஷயமே இனிமேல்தான் இருக்கிறது. அரிவாள் அறுப்போடு ஒட்டிக்கொண்டு இன்னும் பல காரியங்கள் நடந்தன. மிஷின் அறுப்பை மட்டும் வாங்கிக்கொண்டது. மற்றதையெல்லாம் ஊர்தான் ஒவ்வொன்றாகச் சரிக்கட்ட வேண்டியிருந்தது.

முதலில் ஈரம். அரி காய்ந்த அந்த ஒரு நாள் இப்போது இல்லை. நெல் வயலிலிருந்து நேராக டிப்பருக்குப் போகிறது. ஆனால் அரசு கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் இருந்தால் எடுக்க மாட்டார்கள். வரும் வழியில் ரோட்டில் ஒரு பக்கம் முழுக்க நெல் காய்ந்ததைக் காட்டினேனே, காரணம் இதுதான். இன்னொன்று, முன்பெல்லாம் ஒரு ஊரின் அறுப்பு வாரக்கணக்கில் நடக்கும், நெல்லும் கொஞ்சம் கொஞ்சமாக வரும். இப்போது நாலு வண்டி வந்தால் ஊர் நெல் மொத்தமும் ஒரே நேரத்தில் கொள்முதல் நிலைய வாசலில் குவிகிறது. வயலில் மிச்சமான நேரமெல்லாம் அங்கே தார்ப்பாய்க்குப் பக்கத்தில் காவல் இருப்பதிலேயே போகிறது. 2023 பிப்ரவரியில் அறுப்பு நேரத்தில் மழை கொட்டியபோது மத்திய அரசு 20 சதவீதம் வரை தளர்த்தியது. அது அந்த வருடத்துக்கான தளர்வுதான். ஒவ்வொரு முறையும் மழை பெய்து, நெல் முளைத்து, அப்புறம் கடிதம் எழுதி, குழு வந்து பார்த்து... இதற்குள் விவசாயி பாதி நெல்லை வியாபாரியிடம் தள்ளிவிடுகிறார். அறுப்பு எந்திரமயமாகிவிட்டது, காயவைப்பது மட்டும் இன்னும் சூரிய பகவான் பொறுப்பில்தான் இருக்கிறது.

அடுத்து வைக்கோல். கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்குகிறேன், பாருங்கள். இவ்வளவு உயரத்துக்குத் தாளை விட்டுவிட்டு மேலேதான் அறுக்கிறது. பின்னால் வைக்கோல் துண்டு துண்டாக வரிசையாக விழுகிறது. கையால் அறுத்த நீள வைக்கோல் மாதிரி இதைப் போர் போட முடியாது, நிற்காது, சரிந்துவிடும். மிஷின் வந்த புதிதில் பலர் இதை வயலிலேயே விட்டார்கள், கொளுத்தியவர்களும் உண்டு. மாடு வைத்திருந்தவர்களுக்குத்தான் பெரிய திண்டாட்டம். அப்புறம் வைக்கோல் கட்டும் மிஷின் வந்தது. டிராக்டருக்குப் பின்னால் மாட்டி ஓட்டினால் வரிசையில் கிடப்பதை அள்ளி உருட்டி, நூல் சுற்றி, உருளை உருளையாகக் கீழே தள்ளிவிடும். கட்டுக்கு இவ்வளவு என்று கூலி. அந்த உருளைகள் லாரி ஏறிக் கேரளா வரைக்கும் போகின்றன. வைக்கோல்போர் இருந்த கொல்லைகளில் இப்போது உருளை அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டிருக்கிறார்கள். ஒரு மிஷின் உண்டாக்கிய வேலையை இன்னொரு மிஷினுக்குக் கொடுத்தாயிற்று. மாடு இல்லாதவருக்குக் கையில் கொஞ்சம் காசு வருகிறது, மாடு வைத்திருப்பவர் கட்டுக் கூலி கொடுத்துத் தன் வயல் வைக்கோலையே வாங்குகிற மாதிரி ஆகிவிட்டது.

இப்போது உளுந்து. இதைத்தான் வெளியூர்க்காரர்கள் யாரும் பேசமாட்டார்கள். டெல்டாவில் சம்பா, தாளடி அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போது, நெல் நிற்கிற வயலிலேயே உளுந்தையோ பயறையோ தெளிப்பார்கள். மண் மெழுகுப் பதத்தில் இருக்க வேண்டும். தண்ணீர் நின்றால் விதை அழுகும், காய்ந்திருந்தால் முளைக்காது. நெல்லை அறுக்கும்போது உளுந்து கீழே இரண்டு இலை விட்டு நிற்கும். அதற்குப் பிறகு உழவு இல்லை, பாசனம் இல்லை. மண்ணில் மிச்சமிருக்கிற ஈரமும் பனியும்தான். பங்குனி, சித்திரையில் காயைப் பறித்தால் கையில் ரொக்கம். ஆடுதுறை 3 மாதிரி ரகங்களை இந்த நெல் தரிசுக்கென்றே, அதாவது நெல்லுக்குப் பின் உழாமல் விளைவதற்கென்றே வெளியிட்டிருக்கிறார்கள்.

அந்த இரண்டு இலைப் பயிர் மேல் செயின் வண்டி ஏறினால் என்ன ஆகும்? இங்கே பாருங்கள், தடம். செயின் போன இடம் மண் அமுங்கிப் பளபளவென்று இருக்கிறது. இதில் முளைத்ததெல்லாம் காலி. வண்டி திரும்புகிற இடத்தில் இன்னும் மோசம், வட்டமாகக் குழைத்துவிட்டிருக்கிறது. தப்பித்த பயிரும் உயரமான தாளுக்கும் வைக்கோல் வரிசைக்கும் அடியில் வெளிச்சம் இல்லாமல் வெளுத்து வளர்கிறது. சிலர் உளுந்தையே விட்டுவிட்டார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு வழி பார்த்திருக்கிறார்கள். மிஷின் வருகிற தேதி உறுதியான பிறகுதான் சிலர் தெளிக்கிறார்கள், விதை முளைவிடுவதற்குள் வண்டி போய்விடும் என்ற கணக்கு. வேறு சிலர் அறுப்பு முடிந்து வைக்கோலையும் கட்டி எடுத்துவிட்டு, மண்ணைக் கிளறிவிடும் ரோட்டவேட்டரை லேசாக ஓட்டி விதைக்கிறார்கள். இதில் உழவுச் செலவு உண்டு, மண் ஈரமும் குறையும். பக்கத்தில் பம்புசெட் இருந்தால்தான் தைரியமாகச் செய்ய முடியும். விதையைக் கொஞ்சம் கூட்டித் தெளிக்கிறவர்களும் உண்டு, தடத்தில் போவது போகட்டும் என்று. இதையெல்லாம் எந்தக் கம்பெனி டெமோவிலும் சொல்லித்தரவில்லை.

வாடகையை மணிக்கணக்கில் இல்லாமல் ஏக்கர் கணக்கில் பேசிக்கொள்ளலாமே என்று டிரைவரிடம் கேட்டேன். "தம்பி, சாய்ஞ்ச வயலுக்கு மணிக்கணக்குதான். ஒரு ஏக்கர்லேயே ரெண்டரை மணி நேரம் நிக்கும்" என்றார். இதனால் ரகம் பார்ப்பதே மாறிவிட்டது. என்ன விளையும் என்பதோடு, சாயுமா சாயாதா என்றும் கேட்கிறார்கள். மாப்பிள்ளைச் சம்பா மாதிரி ஆள் உயரம் வளர்கிற ரகங்களுக்கு இது பெரிய இடைஞ்சல். நெல் ஜெயராமன் 170க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களை மீட்டுப் பரப்பியது இதோ இந்தத் திருத்துறைப்பூண்டிப் பக்கம்தான். அவற்றைப் போட ஆசைப்படுகிறவர்கள் நிறைய. பனி, மழையில் சாய்ந்தால் எப்படி அறுப்பது என்ற கேள்வி வந்ததும் அரை ஏக்கரோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

அப்புறம் உள்வயல்காரர் சங்கடம். வண்டி உள்ளே போக வழி வேண்டும். முன்வயல் அறுத்தால்தான் பின்வயலுக்குப் பாதை. அவர் நீண்டகால ரகம் போட்டு, இவர் குறுகிய கால ரகம் போட்டால், இவர் நெல் பழுத்து உதிர உதிரக் காத்திருக்க வேண்டியதுதான். அதனால் விதைக்கும்போதே "நீங்க என்ன போடுறீங்க மாமா?" என்று கேட்டு, அதே நாள் கணக்குள்ள ரகத்தைப் போடுகிறார்கள். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள்கூட இதற்காகப் பேசிக்கொள்கிறார்களாம்.

கடைசியாக ஆட்கள். ஆள் கிடைக்கவில்லை, அதனால் மிஷின் வந்தது என்பார்கள். அது பாதிதான். திருப்பூருக்குப் போன பிள்ளைகள் அறுப்புக்கு வரமாட்டார்கள், உண்மை. ஆனால் போகாமல் இங்கேயே இருந்த பெண்களுக்கும் அறுப்பு வேலை போனது. அறுப்புக் கூலி நெல்லாகவே கிடைக்கும், வீட்டில் சில மாதச் சாப்பாட்டுக்கு ஆகும். அரைப்படி கூலி உயர்வுக் கோரிக்கையில் ஆரம்பித்த தகராறில், 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட மண் இது. கூலி நெல் என்றால் என்ன என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இப்போது அதோ அந்த மூலையைப் பாருங்கள், இரண்டு பேர் அரிவாளோடு நிற்கிறார்களே. வண்டியால் வரப்பு மூலைக்குள் திரும்ப முடியாது, அந்தத் துண்டை மட்டும் கையால் அறுத்துக் கொடுக்க வேண்டும். மிஷின் போக ஆட்களுக்கு மிஞ்சியது அவ்வளவுதான். "மூலைக்கு என்ன கூலி அக்கா?" என்றேன். "அது பேசுறதில்லப்பா, குடுக்குறத வாங்கிக்குறது" என்றார் ஒருவர்.

நடவு வேறு மாதிரி போகிறது. நடவு மிஷின் இருக்கிறது, மானியமும் இருக்கிறது. ஆனால் அதற்குத் தட்டு நாற்றங்கால் விட வேண்டும், அதாவது நாற்றைத் தட்டில் வளர்க்க வேண்டும், வயல் மட்டமாக இருக்க வேண்டும். அந்தச் சள்ளைக்கு மேற்கு வங்கத்திலிருந்து வருகிற ஆட்களிடம் ஏக்கருக்கு இவ்வளவு என்று விட்டுவிடலாம் என்கிறார்கள். பலர் நடவே வேண்டாம் என்று நேரடி விதைப்புக்குப் போய்விட்டார்கள். ஒற்றை நாற்று நடவும் அப்படித்தான். மடகாஸ்கரிலிருந்து வந்த முறை, ஏக்கருக்கு மூன்று கிலோ விதை போதும். இங்கே பலர் விதையைக் குறைப்பதையும் இளநாற்றையும் எடுத்துக்கொண்டு, கயிறு பிடித்துச் சதுரமாக நடுவதை விட்டுவிட்டார்கள். அதிகாரிகளுக்கு இது அரைகுறையாகத் தெரியலாம், எனக்குப் புத்திசாலித்தனமாகத்தான் படுகிறது.

ட்ரோன் பற்றி நிறையப் பேர் கேட்டீர்கள். உளுந்து பூக்கும்போது டி.ஏ.பி. உரக் கரைசல் தெளிக்க அது கைகொடுக்கிறது, பயிரை மிதிக்காமல் வேலை முடிகிறது. அதைத் தனி வீடியோவாகப் போடுகிறேன். அரசு அறுப்பு வண்டியை வாடகைக்கு எடுக்க அரசின் உழவன் செயலியில் பதிவு செய்யலாம், வாடகை தனியாரைவிடக் குறைவு, ஆனால் எல்லாரும் ஒரே வாரத்தில் கேட்பார்கள், முன்கூட்டியே பாருங்கள். உங்கள் ஊரில் இந்த சீசன் மணிக்கு என்ன வாடகை, செயினா டயரா, தரகருக்கு எவ்வளவு போகிறது, மூலை அறுக்கிறவர்களுக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள், எல்லாவற்றையும் கீழே எழுதுங்கள். வண்டி அடுத்த வயலுக்குக் கிளம்புகிறது, நான் வரப்பை விட்டு இறங்க வேண்டும்.