உப்புத் தண்ணீரில் கழுவிய படங்கள்

வணக்கம் மக்களே. பாம்பன் கரையில் உட்கார்ந்திருக்கிறேன். காற்று கொஞ்சம் பலம், மைக்கில் இரைச்சல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். கையில் இருப்பது அப்பாவின் யாஷிகா மேட் 124ஜி. இரண்டு லென்ஸ் வைத்த, மேலே இருந்து குனிந்து பார்க்கிற கேமரா. கண்ணாடியில் இடது வலதாகத் தெரியும். அதோ கிழக்கே போகிற வள்ளம், இதில் மேற்கே போகிறது பாருங்கள்.

இதை அப்பா ராமநாதபுரத்தில் ஒரு கடையில் செகண்ட் ஹேண்டாக வாங்கினார். அந்தக் கடையைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

அப்பா தங்கச்சிமடத்தில் கல்யாண போட்டோகிராபர். 1988 அக்டோபரில் ரோட்டுப் பாலம் திறக்கும்வரை ஒரு பிலிம் ரோல் வாங்குவதற்கும் ரயிலில்தான் போக வேண்டும். 120 என்கிற வகை ரோல், ஒன்றில் சதுரமாக 12 படம். கல்யாணத்துக்கு நான்கு ரோல் கொண்டுபோனால் அதுவே பெரிய ஏற்பாடு. தாலி கட்டுகிற நொடி தவறினால் தவறியதுதான். அதனால் ரோலை அப்பா எண்ணி எண்ணித்தான் வாங்குவார்.

கடையின் முன்பக்கம் கண்ணாடி அலமாரி, பின்பக்கம் ஸ்டூடியோ, அதற்கும் பின்னால் டார்க் ரூம். அலமாரியில் ஆக்ஃபா கிளிக் 3 கேமராக்கள், ஊட்டியில் தயாரான இந்து பிலிம் ரோல்கள், ஃபிளாஷ், ஆல்பம், போட்டோ ஒட்டுகிற மூலைகள். 1960-ல் அரசு தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரிப்புதான் இந்து. நம் நீலகிரியிலேயே பிலிம் செய்தோம் என்று இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் ஆச்சரியப்படுகிறார்கள்.

நல்ல கேமராக்கள் வந்தது கீழக்கரை வழியாக. வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்த சபராளிகள் கொண்டுவந்ததைக் கடைக்காரர் வாங்கி விற்பார். எல்லாருக்கும் அவர் பாய்தான். யார் கேமரா கொண்டுவந்தாலும் முதலில் பின்மூடியைத் திறந்து, லென்ஸை முழுசாகத் திறந்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார். சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழை தெரிந்தால் பங்கஸ். அப்புறம் ஷட்டரை ஒரு நொடியில் வைத்து அழுத்திக் காதருகே கொண்டுபோவார். விர்ர் என்ற சத்தம் ஒரே சீராக ஓட வேண்டும், நடுவில் திக்கினால் உள்ளே எண்ணெய் காய்ந்துவிட்டது, உப்பு ஏறிவிட்டது என்று அர்த்தம். அந்தக் கேமராவை விற்க மாட்டார்.

விற்ற பிறகும் விடமாட்டார். "தோல் பைக்குள்ள போட்டுப் பூட்டி வைக்காதீங்க தம்பி, தோல் ஈரத்தைக் குடிக்கும், லென்ஸ் பூத்துப் போகும்" என்று அப்பாவிடம் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். தகர டப்பாவில் சிலிக்கா ஜெல் போடச் சொல்வார். நீலமாக இருக்கும் மணிகள் ரோஸ் ஆனால் ஈரம் ஏறிவிட்டது. சமையலுக்குப் புழங்காத சட்டியில் சூடாக்கினால் மறுபடி நீலமாகும். இந்தக் கடற்கரையில் இந்த யாஷிகா இத்தனை வருஷம் கண் தெளிவாக இருப்பதற்கு அந்தப் பேச்சுதான் காரணம். கவனமில்லாமல் நான் பையிலேயே வைத்திருந்த ஒரு லென்ஸ் மூன்றே மழைக்காலத்தில் பூத்துப்போனது. இன்றும் அதை நினைத்தால் வருத்தம்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய தண்ணீர் விஷயம். நம்ம பக்கம் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும் என்று உங்களுக்கே தெரியும். நல்ல தண்ணீர் தள்ளுவண்டியில் குடம் குடமாக வரும், காசு கொடுத்து வாங்க வேண்டும். பிரிண்ட் போட்ட பிறகு அதில் ஒட்டியிருக்கிற ஹைப்போ, அதாவது படத்தை நிலைக்கவைக்கிற ரசாயனம், முழுசாகப் போகிறவரை அலச வேண்டும், இல்லையென்றால் நாளடைவில் படம் பழுப்பேறும். அதற்கு நிறையத் தண்ணீர் வேண்டும். பாய் முதலில் உப்புத் தண்ணீரிலேயே அலசிவிட்டு, கடைசியில் மட்டும் நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசுவார். சிக்கனத்துக்குச் செய்கிறார் என்றுதான் ரொம்ப நாள் நினைத்தேன். பிறகுதான் படித்தேன், கடல்தண்ணீர் ஹைப்போவைச் சாதாரணத் தண்ணீரை விட வேகமாக இழுத்துவிடும். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படையினர் இதைக் கவனித்த பிறகுதான் ஹைப்போவைச் சீக்கிரம் அகற்றும் உப்புக் கரைசல்களே கடைக்கு வந்தன. பாய் அதையெல்லாம் படித்தவர் இல்லை. கை பழகித் தெரிந்துகொண்டது. அவர் கழுவிய படங்கள் இன்னும் எங்கள் வீட்டில் வெள்ளை வெளேரென்று இருக்கின்றன.

அந்தக் கடைக்கு நான் பட்டிருக்கிற கடன் இன்னொன்று. என் அம்மாச்சிக்குத் தனுஷ்கோடி. அவருடைய கல்யாணப் படம் அந்த வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தது. 1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயலில் வீடும் போச்சு, படமும் போச்சு. அவர்கள் உயிரோடு வந்ததே பெரிது. பல வருஷம் கழித்து அப்பா பேச்சுவாக்கில் பாயிடம் இதைச் சொன்னார். படம் எடுத்தது பாயுடைய வாப்பா. பாய் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் ஒரு பேரேட்டைக் கொண்டுவந்தார். பெயர், ஊர், தேதி, நெகட்டிவ் நம்பர். அடுத்த வாரம் பட்டர் பேப்பர் கவரில் நெகட்டிவ் கிடைத்துவிட்டது. அம்மாச்சி அந்தப் படத்தை வாங்கியபோது நான் பக்கத்தில் இருந்தேன். தாத்தாவின் முகத்தை அவர் பார்க்கவில்லை, படத்தில் கழுத்தில் கிடந்த சங்கிலியை விரலால் தடவினார். அதுவும் புயலில் போனதுதான்.

கலர் லேப் வந்தது, டிஜிட்டல் வந்தது, போன் வந்தது. கடை இப்போது இல்லை. ஊட்டித் தொழிற்சாலையும் இயங்கவில்லை. அது உங்களுக்குத் தெரிந்த கதை.

நான் கேட்பது இதுதான். தொண்டியில், மண்டபத்தில், பரமக்குடியில் பழைய ஸ்டூடியோ வைத்திருந்த குடும்பங்கள் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால், அந்த நெகட்டிவ் பெட்டிகளைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பேரேடு இருந்தால் அதை முதலில் பத்திரப்படுத்துங்கள். நம்பர் இல்லாத நெகட்டிவில் இருப்பது யார் என்று சொல்ல ஆளில்லை. கமெண்டில் எழுதுங்கள், ஸ்கேனரோடு நானே வருகிறேன்.

சரி, இந்த ரோலில் இன்னும் மூன்று படம் மிச்சம் இருக்கிறது. மண்டபம் பக்கமிருந்து ரயில் வருகிற சத்தம் கேட்கிறது, போனை இங்கேயே வைத்துவிட்டு எழுந்திருக்கிறேன்.