என்ஜின் பேயில எண்ணெய்ப் பிசுக்கு, துரு: தண்ணி கம்மியா, பிரஷ் அதிகமா

[காட்சி: பானெட் திறந்த கார். டேப்பட் கவர் (என்ஜின் மேல்மூடி) ஓரத்துல கருப்புப் பிசுக்கு, அதுமேல வெள்ளைப் பஞ்சு.]

திருப்பூர், பல்லடம் பக்கம் ஓடுற வண்டியில பிசுக்கு மேல இப்படிப் பஞ்சு ஒட்டியிருக்குமுங்க. பொள்ளாச்சிப் பக்கம்னா தென்னை நார்த் தூள். எண்ணெயில ஊறுன பஞ்சு விளக்குத் திரி மாதிரிதான், எக்ஸாஸ்ட் மேனிபோல்டு (என்ஜினோட சூடான புகை வெளிய வர்ற குழாய்) பக்கத்துல அது இருக்கவே கூடாது. பிசுக்கை எடுத்தாத்தான் எண்ணெய் எங்கிருந்து ஒழுகுதுன்னும் தெரியும்.

ராத்திரி நிறுத்துன வண்டியைக் காலையில எடுங்க. சூட்டுல டிகிரீசர் (பிசுக்கைக் கரைக்கற லிக்விட்) அடிச்சா அங்கயே காஞ்சு கறை விழுந்துரும்.

[காட்சி: பேட்டரி டெர்மினல், 10 நம்பர் ஸ்பேனர்.]

முதல்ல நெகட்டிவ், அப்புறம் பாசிட்டிவ். மாத்திக் கழட்டுனா, பாசிட்டிவ்ல இருக்கற ஸ்பேனர் பாடியில பட்ட உடனே ஷார்ட் ஆயிரும். துருவையும் சேர்த்து எடுக்கப் போறீங்கன்னா பேட்டரியை வெளியவே எடுத்து வச்சிருங்க. ஹைபிரிட், எலக்ட்ரிக் வண்டியில ஆரஞ்சு கலர் கேபிள் இருந்தா அந்தப் பக்கமே போகாதீங்க.

ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பாக்ஸ், ஏர் ஃபில்டர் வாய், இக்னிஷன் காயில், இது நாலையும் பாலித்தீன் கவர் போட்டு டேப் ஒட்டுங்க. ஆயில் மூடி, டிப்ஸ்டிக் இறுக்கமா இருக்கான்னு பாருங்க. பஞ்சையும் புழுதியையும் காஞ்ச பெயிண்ட் பிரஷ்ல தட்டி வேக்குவம்ல இழுத்துருங்க. தண்ணி பட்டுட்டா அது சேறாயிரும்.

இப்ப பிசுக்கு. பெட்ரோல் வேண்டவே வேண்டாமுங்க, அதோட ஆவி ஒரு சின்னப் பொறிக்கே பத்திக்கும். டீசலும் மண்ணெண்ணெயும் அடிச்சா என்ஜின் பளபளன்னுதான் தெரியும். ஆனா ரேடியேட்டர் ஹோஸ் பெரும்பாலும் ஈபிடிஎம் ரப்பர். கூலண்டைத் தாங்குற அந்த ரப்பர் பெட்ரோலிய எண்ணெய் பட்டா ஊறி உப்பும். மிச்சம் நிக்கற எண்ணெய்ப் படலத்துல ஆடிக்காத்துப் புழுதி மறுபடியும் வந்து ஒட்டும். காஸ்டிக் சோடா கலந்த லிக்விட் அலுமினியத்தை அரிச்சு மங்க வச்சுரும்.

தண்ணியில கலக்கற டிகிரீசர் வாங்குங்க. தடிச்ச பிசுக்குக்கு 1 பங்குக்கு 4 பங்கு தண்ணி, லேசான அழுக்குக்கு 10 பங்கு. டப்பாவுல வேற அளவு போட்டிருந்தா அதுதான் கணக்கு. கட்டியா இருக்கறதை பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர்ல சுரண்டிட்டு அடிங்க. 3 முதல் 5 நிமிஷம் ஊறட்டும், காய விடாதீங்க. நைலான் பிரஷ்ல தேய்ங்க, இடுக்குக்குப் பழைய டூத் பிரஷ் போதும்.

[காட்சி: கைப்பம்பு ஸ்பிரேயர். வயர் கனெக்டருக்குப் பக்கத்துல ஈரத்துணி.]

கழுவறதுக்கு 2 லிட்டர் கைப்பம்பு தாராளம். வாட்டர் சர்வீஸ்ல அடிக்கிற பிரஷர் கனெக்டரோட ரப்பர் சீலைத் தாண்டி உள்ள போயிரும், செக் என்ஜின் லைட் ரெண்டு நாள் கழிச்சு எரியும், காரணம் புடிபடாது. கனெக்டர் பக்கம் ஈரத்துணியில துடைக்கறதோட நிறுத்திக்குங்க. கடைசித் தடவைக்கு நல்ல தண்ணி ஊத்துங்க. போர்த் தண்ணி காஞ்சா வெள்ளை உப்புப் படியும், துருவுக்கு அதுவே தீனி.

துரு ரெண்டு இடத்துல அதிகம். ஒண்ணு பேட்டரி ட்ரே, அங்க ஆசிட் கசிவு. இன்னொண்ணு பிரேக் ஆயில் டப்பாவுக்குக் கீழ. பிரேக் ஆயில் பெயிண்டை உரிச்சுரும், பெயிண்ட் போன இடத்துல துரு ஏறும். அதனால டப்பா மூடியிலயோ மாஸ்டர் சிலிண்டர்லயோ கசிவு இருந்தா முதல்ல அதைச் சரி பண்ணுங்க.

ட்ரேயில அரை லிட்டர் தண்ணிக்கு 2 டேபிள்ஸ்பூன் ஆப்பசோடா கலந்து ஊத்துங்க. நுரை வர்றது நிக்கற வரைக்கும் ஊத்தி, கழுவிக் காய வைங்க. பேட்டரி செல்லுக்குள்ள ஒரு சொட்டும் போகக் கூடாது.

[காட்சி: கம்பி பிரஷ், எமரி ஷீட், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை.]

உதிர்ற துரு மொத்தமும் கம்பி பிரஷ்ல போகணும். அப்புறம் 80 நம்பர் எமரி, அடுத்து 180. செதிலா நிக்கற துரு மேல ரஸ்ட் கன்வெர்ட்டர் (துருவைக் கருப்புப் படலமா மாத்தற லிக்விட்) பூசுனா மேல்தோல் மட்டும் கருக்கும், அடியில வேலை நடந்துட்டே இருக்கும். இறுகப் புடிச்ச மிச்சத் துரு மேல மெல்லிசாப் பூசுங்க, பழுப்பு கருப்பா மாறும். 24 மணி நேரம் விட்டு எபாக்ஸி பிரைமர், அதுமேல பெயிண்ட். கடையில விக்கற பாத்ரூம் ஆசிட் வேண்டாம், அதோட புகை பக்கத்து நட்டு, போல்ட்டையும் துரு புடிக்க வைக்கும். பிரேக் பைப்ல துரு குழி விழுந்திருந்தா தேய்க்காதீங்க, மாத்தணும். எக்ஸாஸ்ட் மேனிபோல்டு மேல இருக்கற செம்பழுப்பை விட்டுருங்க, வார்ப்பிரும்பு அப்படித்தான் இருக்கும்.

கீழ வழிஞ்ச அழுக்குத் தண்ணி சாக்கடை வழியா நொய்யலுக்குப் போகாம, தென்னை நார்க்கழிவைப் பரப்பி உறிஞ்ச விட்டு அள்ளிருங்க.

கவரை எடுத்து, புளோயர்ல ஊதி, பானெட்டைத் திறந்து வச்சு வெயில்ல 2 மணி நேரம். பிளக் குழியில தண்ணி நின்னா மிஸ்ஃபயர் ஆகும், அதை மறக்காம ஊதுங்க. பேட்டரி மாட்டறப்ப பாசிட்டிவ் முதல்ல. 10 நிமிஷம் ஐடில்ல ஓட விடுங்க. கடிகாரமும், தானா ஏறி இறங்கற ஜன்னல் கண்ணாடியும் மறுபடி செட் பண்ண வேண்டி வரும்.

[காட்சி: டேப்பட் கவர் ஓரத்துல டால்கம் பவுடர்.]

என்ஜின் ஆறுன பிறகு, சந்தேகமான பேக்கிங் (எண்ணெய் ஒழுகாம மூடிக்கு அடியில வைக்கற கேஸ்கெட்) ஓரத்துல டால்கம் பவுடரை லேசாத் தூவிட்டு 100 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்க. பெல்ட் பக்கம் தூவாதீங்க. ஒழுகுற இடத்துல பவுடர் நனைஞ்சு கோடு விழும். அந்தக் கோட்டோட மேல் முனையிலதான் பேக்கிங் போயிருக்குது, கீழ சொட்டுற இடத்துல இல்லீங்க.