யார் போட்ட மார்க், எப்போது போட்ட மார்க்?

நடுவர் அவர்களே, வணக்கம். "போர்முனையில் படை நடத்தப் போகிறவருக்குத் திறமைதான் முக்கியம், ராணுவப் பதவி உயர்வில் சீனியாரிட்டி எதற்கு?" என்று எதிரணித் தோழி கேட்டுவிட்டுக் கைத்தட்டலும் வாங்கிக்கொண்டு போனார். சரி, திறமையே இருக்கட்டும். அதை அளந்தது யார், எப்போது அளந்தார்கள், அதைச் சொல்லவில்லையே!

நம் ராணுவத்தில் லெப்டினன்ட் கர்னல் வரை சர்வீஸ் கணக்கு போதும், 13 வருடத்தில் வந்துவிடும். அதற்கு மேலே கர்னல் ஆக வேண்டுமென்றால் தேர்வு வாரியம். மேலதிகாரி வருடா வருடம் எழுதிய ரகசிய அறிக்கைதான் அங்கே பேசும். இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. குறுகிய கால கமிஷனில், அதாவது சில வருடப் பணிக்கு மட்டும் என்று சேர்ந்த பெண் அதிகாரிகளுக்கும் நிரந்தர கமிஷன், அதாவது ஓய்வு வயது வரை பணி, கொடுங்கள் என்று 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ராணுவம் என்ன செய்தது தெரியுமா? பல வருடம் உழைத்தவரைக்கூட அவருடைய 5-வது, 10-வது வருட அறிக்கையோடு நிறுத்தி எடை போட்டது, பிற்பாடு வாங்கிய பாராட்டும் விருதும் கணக்கிலேயே வரவில்லை. அந்தப் பழைய அறிக்கைகளோ, இவர்களுக்கு நிரந்தர கமிஷனே கிடையாது என்றிருந்த காலத்தில் ஏனோதானோவென்று எழுதப்பட்டவை. இதை நான் சொல்லவில்லை, 2021 மார்ச்சில் அதே நீதிமன்றம் சொன்னது.

அப்புறமாவது திருந்தினார்களா? பெண் அதிகாரிகளுக்குக் கர்னல் பதவியில் 150 இடங்கள் ஒதுக்கி, 108-ஐத்தான் நிரப்பினார்கள். 9 வருட சர்வீசுக்குப் பிறகான அறிக்கைகள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்பது ராணுவத்தின் சொந்த விதி. அதிலும் நடுவில் ஒரு கோடு கிழித்து மிச்சத்தை ஒதுக்கிவிட்டார்கள். இது தன்னிச்சையானது, வாரியத்தை மறுபடி கூட்டுங்கள் என்று 2023 நவம்பரில் கோர்ட் உத்தரவு போட வேண்டியிருந்தது. தோழி சொன்ன திறமை அளவுகோல் இதுதானா?

உச்சிப் பதவியிலும் பாருங்கள். 1983-ல் மூத்தவரான எஸ்.கே. சின்ஹாவைத் தாண்டி ஏ.எஸ். வைத்யா தலைமைத் தளபதி ஆனார், சின்ஹா ராஜினாமா செய்துவிட்டார். வைத்யா இரண்டு முறை மகாவீர் சக்ரம் பெற்றவர், அவர் வீரத்தை நான் ஒரு துளியும் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் தாண்டப்பட்டவரும் அதே சீருடையில் ஆயுளைக் கொடுத்தவர்தானே? 2016-ல் பிபின் ராவத்துக்காக இரண்டு மூத்த தளபதிகளைத் தாண்டினார்கள்.

எங்கள் அணி கேட்பது இவ்வளவுதான் நடுவர் அவர்களே: மூப்பை அடித்தளமாக வையுங்கள். ஒருவரைத் தாண்டியே ஆக வேண்டுமா, காரணத்தை எழுதி அவர் கையில் கொடுங்கள்.