இரண்டு கோடு சிக்னலில் ஓடும் விளையாட்டு

அவையோருக்கு வணக்கம்.

கிராமத்திலும் கேம் ஆடுகிறார்கள் என்று நாம் வியக்கிறோம். 1997-ல் நோக்கியா 6110-ல் பாம்பு விளையாட்டு வந்த நாளிலிருந்தே போன் போன இடமெல்லாம் விளையாட்டும் போயிருக்கிறது. கணினியும் கன்சோலும் இல்லாத வீட்டில் போன்தானே ஒரே திரை!

எந்த விளையாட்டு அங்கே நிலைக்கிறது என்பதைப் போனின் ராம்தான், அதாவது ஓடும் ஆப்களைத் தாங்கும் தற்காலிக நினைவகம்தான், முடிவு செய்கிறது. 2 ஜிபி ராமில் பெரும்பங்கை ஆண்ட்ராய்டே பிடித்துக்கொள்ளும். நடுவில் ஒரு அழைப்பு வந்தால் போதும், சிஸ்டம் கேமை மூடிவிடும். திரும்பினால் மறுபடி லோடிங். பப்ஜி என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் ஒரு ஆட்டத்துக்கு 100 பேர், அரை மணி நேரம். 2017-ல் வந்த, அதே வகை விளையாட்டான ஃப்ரீ ஃபயரில் 50 பேர், சுமார் 10 நிமிடம், சாதாரண போனிலும் ஓடியது. எது பரவியிருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

"கேம் டேட்டாவைக் குடிக்கிறது" என்பது பாதிதான் உண்மை. படங்கள் எல்லாம் போனிலேயே இருக்கின்றன. ஆட்டத்தின்போது போய்வருவது யார் எங்கே நிற்கிறார், எந்தப் பக்கம் சுட்டார் என்ற சின்னச் சின்னத் தகவல்தான். டேட்டாவைக் காலி செய்வது அப்டேட். இறக்கிய கோப்பைப் பிரித்து வைக்கவும் இடம் வேண்டும். ஸ்டோரேஜ் நிறைந்திருந்தால் 90 சதவீதத்தில் நின்றுவிடும்.

அடுத்த புகார் லேக், அதாவது தொட்டதற்குத் திரை தாமதமாக அசைவது. ஸ்பீடு டெஸ்ட் நன்றாகத்தான் காட்டும். ஆனால் பிங், அதாவது தகவல் கேம் சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம், 50 மில்லிசெகண்டிலிருந்து திடீரென 300-க்குத் தாவும். காரணம், டவர் தூரம், மாலையில் எல்லோரும் அதே டவரில். போன் 4ஜி-க்கும் கீழ் நெட்வொர்க்குக்கும் மாறி மாறித் தாவினால் இன்னும் மோசம். ஜன்னலோரம் உட்கார்ந்தாலே பாதி சரியாகும்.

சிக்னல் குறைந்தால் போன் கூடுதல் சக்தியோடு டவரைத் தேடும், சூடாகும். அதோடு சார்ஜும் போட்டு ஆடினால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நொடிக்கு 45 ஃபிரேம், அதாவது 45 படம், காட்டிய திரை 20-க்கு விழும். சார்ஜரைக் கழற்றுங்கள், பின்கவரைக் கழற்றுங்கள், கிராபிக்ஸைக் குறைத்து 30 ஃபிரேமில் நிறுத்துங்கள். ஏறி இறங்கும் 45-ஐவிட அசையாத 30 கைக்கு இதமாக இருக்கும். சிலர் ஃபிரிட்ஜில் வைக்கிறார்கள். உள்ளே ஈரம் படிந்தால் போன் போச்சு!

கேம் உருவாக்குவோருக்கு ஒரு வேண்டுகோள்: நெட் அறுந்த உடனே ஆட்டக்காரரைத் தோற்றவராக்காதீர்கள். ஒரு நிமிடம் அவர் இடத்தை வைத்திருங்கள். டவர் திரும்ப வரும்.